வினா எதிர் வினாதல்: ஒரு கணித ஆராய்ச்சியைப் பற்றிய திறனாய்வு

தமிழில் கணித அறிஞரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வறுமை வரும், கோயில் வரும், கனவு வரும், 1729 என்னும் எண் தவறாமல் வரும். இராமானுஜனைப் பற்றி இவ்வாறு எழுதப்பட்ட கட்டுரையைப் படித்து முடிக்கும் மாணவன், கணிதம் என்பது தெய்வம் ஒரு சிலர் காதில் மட்டும் ஓதும் மறை என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறான். 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் தம் ஆராய்ச்சியைப் பற்றிய அறிக்கை தர வேண்டும். கப்பலேறுமுன் அத்தகைய அறிக்கைகள் மூன்றனை அவர் தந்தார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு வழங்கியதும் ஆராய்ச்சிக்காக வழங்கப்பெறும் பட்டமே. இன்றைய முனைவர் பட்டத்துக்கு அது முன்னோடி. இச்செய்திகள் அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. கனவுக்கு இருக்கும் கவர்ச்சி காலாண்டு அறிக்கைக்கு இல்லை போலும்.

இக்குறையின் விளைவு சிறிதன்று. ஆராய்ச்சி என்பது என்ன தொழில், அத்தொழில் செய்வோன் காலையில் எழுந்து எதனை எண்ணுகிறான் என்பதனைத் தமிழ் வாசகர் அறிய வாய்ப்பே இல்லாமற் போகிறது. விடை கண்டவரைப் புகழும் கட்டுரை, வினா எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கணித ஆராய்ச்சியிலோ வினாவே பாதிச் செல்வம். இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் புக்கித் தீமா சாலையில் இருந்த ராபிள்ஸ் கல்லூரியிலேயே ஒரு சான்று உண்டு.

அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியராக 1931-இல் வந்து சேர்ந்தவர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம். அணுகுண்டோடு பெயர் இணைந்த ஓப்பன்ஹைமர் வேறு, இவர் வேறு. இங்கிலாந்தில் 1903-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் டிக்சன் என்னும் பேராசிரியரின்கீழ் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றவர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் போர்க்கைதியானார். சிறையிலிருந்தோர் தமக்குள் அமைத்துக்கொண்ட பல்கலைக்கழகத்துக்கு 1942-இல் தலைமாணாக்கர்போல் அன்று, தலைவராகவே விளங்கினார். பின்னர்ச் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டு மாண்ட இருப்புப்பாதை போடப்பட்டதும் அச்சயாமில்தான். போருக்குப்பின் 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் கணிதத்துறையை வளர்த்தார்; 1957 முதல் 1965 வரை அதன் துணைவேந்தராகவும் இருந்தார். இவ்வளவும் ஒரு கல்வி நிருவாகியின் வரலாறாகவே பலருக்குத் தெரியும். இவர் பெயரை உலகக் கணிதர் இன்றும் சொல்வது துணைவேந்தர் என்பதற்காக அன்று. சிக்காகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1929-இல், இவர் எழுதிவைத்த ஒரு கூற்றுக்காக.

அக்கூற்றின் சாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். அ, ஆ, இ என்னும் மூன்று முழு எண்களை எடுத்துக்கொள்க. மூன்றும் ஒருசேரச் சுழியாக இருத்தல் கூடாது. அ-வின் வர்க்கத்தையும் ஆ-வின் வர்க்கத்தையும் கூட்டி, இ-யின் வர்க்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். அதாவது, அ² + ஆ² − √2 இ². 2-இன் வர்க்கமூலம் பின்னமாக எழுத முடியாத எண் ஆதலின், இதன் விடை ஒருகாலும் சரியாகச் சுழியாகாது. சுழியை நெருங்குமா என்பதே வினா. மூன்றும் 1 ஆயின் விடை ஏறத்தாழ 0.59. அ 3, ஆ 2, இ 3 ஆயின் 0.27. அ 19, ஆ 1, இ 16 ஆயின் விடை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 0.04. இன்னும் பெரிய எண்களைத் தேடினால் இன்னும் நெருங்கலாமா? எவ்வளவு நுண்ணிய அளவைச் சொன்னாலும் அதனினும் நெருங்கும் முழு எண்கள் கிடைக்குமா? கிடைக்கும் என்றார் ஓப்பன்ஹைம். ஓர் எடுத்துக்காட்டுக்கு மட்டும் அன்று. இத்தகைய வடிவங்கள் அனைத்துக்கும். அவர் முதலில் சொன்னது ஐந்தும் அதற்கு மேலும் எண்கள் வரும் வடிவங்களுக்கு. பின்னர் தாவன்போர்ட் என்பார் மூன்று எண்களே போதும் என்று கூற்றைக் கூர்மையாக்கினார்.

இரண்டு எண்கள் போதா என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒன்றன் வர்க்கத்திலிருந்து மற்றொன்றன் வர்க்கத்தை 4 + 2√3 என்னும் எண்ணால் பெருக்கிக் கழித்தால், எத்துணைப் பெரிய எண்களை எடுத்தாலும் விடை ஓர் எல்லைக்குமேல் சுழியை நெருங்காது. ஆகவே ஓப்பன்ஹைம் சொன்னது 'பெரிய எண்ணாயின் எல்லாம் நடக்கும்' என்னும் பொதுப்பேச்சு அன்று. இரண்டில் பொய்யாவது மூன்றில் மெய்யாகும் என்னும் துணிபு அது.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். இது எவ்வகை வினா? நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுத்தார். பள்ளியில் கேட்கப்படுவன எல்லாம் அறிவினா. விடையை அறிந்த ஆசிரியர், மாணவன் அறிந்துள்ளானா என்று அறியக் கேட்பது. ஆண்டுக்கணக்கில் அறிவினாவுக்கே விடையிறுத்துப் பழகிய மாணவன், ஆராய்ச்சி வகுப்பில் நுழைந்ததும் திகைத்து நிற்பதற்குக் காரணம் அதுவே. அங்கே வழிகாட்டும் பேராசிரியரும் விடையை அறியார். ஓப்பன்ஹைமின் வினாவோ அறியா வினாவும் அன்று. அவர்க்கு விடை இன்னதென்று உறுதி இருந்தது. ஐய வினாவும் அன்று; இதுவோ அதுவோ என்று அவர் தடுமாறவில்லை. நிறுவ முடியவில்லை என்பதொன்றே குறை. ஆறனுள் எதனோடு சேர்ப்பது? நூலில்லாத மாணவனிடம் 'உனக்கு நூல் இல்லையோ?' என்று கேட்பவர் கொடுக்கும் பொருட்டுக் கேட்கிறார். கொடை வினா என்பது அது. தம்மால் முடியாததைப் பின்வருவோர்க்குப் பொருளாகக் கொடுத்துச் செல்லும் இவ்வினாவைக் கொடை வினாவின்பாற் படுத்துவது பொருந்தும். இலக்கணம் அறிந்தோர் மறுப்பாராயின் மறுக்கலாம்; வேறொரு வகையை அவர்கள் காட்ட வேண்டும்.

ஓப்பன்ஹைம் தாமும் அதனை விட்டுவிடவில்லை. சிங்கப்பூரிலிருந்து 1953-இல் இருபடி வடிவங்களின் மதிப்புகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். தாவன்போர்ட்டும் அவரைச் சார்ந்தோரும் எண்கணித முறைகளைக் கொண்டு முயன்று, 1950-களின் இறுதிக்குள் எண்கள் இருபத்தொன்றும் அதற்கு மேலும் வரும் வடிவங்களுக்கு நிறுவினர். இருபத்தொன்றிலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டும். அப்பாதை அங்கே அடைபட்டது. சிறந்த கருவிகள் சிறந்த கைகளில் இருந்தும் பயனில்லை. ஏனெனில் வினாவைப் பார்க்கும் திசை மாற வேண்டியிருந்தது.

திசையை மாற்றியவர் எம். எஸ். ரகுநாதன். 1941-இல் பிறந்து சென்னையில் வளர்ந்து, விவேகானந்தா கல்லூரியில் பயின்று, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்தவர். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் எம். எஸ். நரசிம்மன், வடார்க்காட்டுத் தண்டரையில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனிடம் பயின்றவர். ரகுநாதன் 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1970-களின் நடுவில் அவர் கண்டது இது: ஓப்பன்ஹைமின் வினா எண்களைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் இயக்கத்தைப் பற்றியது.

இதனை விளக்கப் புள்ளிக் கோலம் உதவும். முழு எண்கள் மூன்றும் வெளியில் ஒழுங்காக வைத்த புள்ளிகள் எனக் கொள்க. வடிவத்தின் மதிப்பைச் சிறிதும் மாற்றாமல் வெளியைத் திருப்பவும் சரிக்கவும் கூடிய அசைவுகள் பல உண்டு. அவ்வசைவுகளைச் செய்யுந்தோறும் புள்ளிகளின் வரிசை மாறும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தன் மதிப்பைச் சுமந்துகொண்டே நகரும். இனி, இயலக்கூடிய புள்ளி வரிசைகள் அனைத்தையும் ஓர் அரங்கில் நிறுத்தி, ஒவ்வொரு வரிசையையும் அவ்வரங்கின் ஓர் இடமாக எண்ணுக. நாம் தொடங்கிய வரிசை அசைவுகளுக்கு உட்பட்டு அரங்கில் ஒரு தடம் பதித்துச் செல்லும். அத்தடம் அரங்கெங்கும் பரவி எல்லா இடங்களையும் நெருங்குமாயின், சுழிக்கு மிக அருகில் மதிப்புடைய புள்ளி ஒன்றைக் கொண்ட வரிசையையும் அது நெருங்கியே ஆக வேண்டும். வழியில் மதிப்பு மாறவில்லை. ஆகவே அப்புள்ளி தொடக்கத்திலேயே அம்மதிப்போடு இருந்தது என்பது பெறப்படும். எண் வினா, தடம் எங்கே செல்கிறது என்னும் வினாவாகிவிட்டது.

ரகுநாதன் இதனோடு நில்லாமல், அதனினும் பெரிய வினாவை எழுப்பினார். அசைவுகளுள் ஒருவகை உண்டு. அடுக்கி வைத்த ரப்பர்த் தகடுகளை ஒரு பக்கமாகச் சரித்தால் ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சிறிது தள்ளி நிற்கும். ஆனால் எதுவும் நீளவோ சுருங்கவோ செய்யாது. அத்தகைய சரிவு அசைவுகளால் பதியும் தடம் எதுவாயினும், அது நெருங்கும் இடங்களின் தொகுதி எப்போதும் ஒழுங்கான ஒரு வடிவமாகவே இருக்கும் என்றார். தடம் மூடிக்கொள்ளலாம்; அரங்கு முழுதும் பரவலாம்; அன்றேல் நடுவில் ஒரு சீரான பரப்பை நிரப்பலாம். கந்தலும் பிசிறுமான வடிவம் தோன்றாது. இது மெய்யாயின் ஓப்பன்ஹைமின் கூற்றுத் தானே மெய்யாகும்.

நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்ததும் இங்கே நினைவுக்கு வரும். அவற்றுள் ஒன்று வினா எதிர் வினாதல். 'இதனைச் செய்வாயா?' என்றால் 'செய்யாமல் இருப்பேனா?' என்பது வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் அதே எடுத்துக்காட்டைச் சொல்லிச் சொல்லி, இவ்விடை வகையை ஒரு பேச்சு நயம் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது கல்வி. எதிர்வினா வெறும் நயம் அன்று. முதல் வினாவுக்கு உடன்பாட்டு விடையைத் தன்னுள் அடக்கிக்கொண்டு மேலே செல்வது அது. ரகுநாதன் ஓப்பன்ஹைமுக்குத் தந்த விடை இலக்கணப்படி வினா எதிர் வினாதலே. முதல் வினாவை நிறுவவில்லை. அதனை உள்ளடக்கும் பெரிய வினாவை எதிர்வைத்தார். பொதுவாகச் சிறியதே எளிது, பெரியது கடினம் என்பர். கணிதத்தில் பன்முறை இதற்கு மாறாக நிகழும்; பெரிய வினாவே தன் உண்மை உறவினரை அடையாளம் காட்டும்.

அவ்வினா அச்சேறிய வகையும் நோக்கத்தக்கது. ரகுநாதன் அதனைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டுப் பறை சாற்றவில்லை. அவரிடம் ஆராய்ச்சி பயின்ற எஸ். ஜி. தானி 1981-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அது எழுத்தில் வந்தது. ஆசிரியர் வாயில் பிறந்து மாணவர் ஏட்டில் நின்ற வினா. ரகுநாதன் 1972-இல் எழுதிய 'இலீ குலங்களின் தனித்த உட்குலங்கள்' பற்றிய நூல் 1977-இல் மாஸ்கோவில் உருசிய மொழியில் வெளிவந்தபோது, அதற்குப் பின்னிணைப்பு எழுதியவர் கிரிகோரி மார்குலிஸ். மூலத்தை உருசிய மாணவர் தம் மொழியிலேயே படித்தனர் என்பதனைத் தமிழ் வாசகர் குறித்துக்கொள்ளுதல் நன்று. அந்த மார்குலிஸ்தான் 1978-இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றும், சோவியத் அரசு செல்ல விடாமையால் ஹெல்சிங்கி சென்று வாங்க இயலாதவர். அவரே 1987-இல், மூன்றும் அதற்கு மேலும் எண்கள் வரும் எல்லா வடிவங்களுக்கும் ஓப்பன்ஹைமின் கூற்றை நிறுவினார். கையாண்டது ரகுநாதன் காட்டிய பாதையை. பின்னர்த் தானியும் மார்குலிசும் சேர்ந்து அதனை மேலும் வலுவாக்கினர்.

ரகுநாதனின் பெரிய வினாவுக்கு முழு விடை தந்தவர் மரீனா ராட்னர் என்னும் அம்மையார். மாஸ்கோவில் 1938-இல் பிறந்து, இசுரேல் சென்று, பின்னர்க் கலிபோர்னியாவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் அவ்விடை வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. கணிதம் இளைஞர்க்கே உரியது, முப்பதுக்குமேல் முளைக்காது என்று மேடைதோறும் சொல்வோர் இவ்வம்மையாரின் வயதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர் பிடித்த நுனி எளிதாகவே சொல்லக்கூடியது. அடுத்தடுத்துத் தொடங்கும் இரு தடங்கள் வேறு இயக்கங்களில் இரட்டித்து இரட்டித்து விலகிப்போகும். சரிவு அசைவில் மிக மெல்ல விலகும். மெல்ல விலகுவதால் விலகும் முறையைக் கூர்ந்து நோக்கக் காலம் கிடைக்கிறது. அந்நோக்கத்தை நிறுவலாக்க அவருக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் வேண்டியிருந்தன என்பது வேறு.

1929-இல் ஆராய்ச்சி மாணவராக வினாவை எழுப்பிய ஓப்பன்ஹைம் 1997 வரை வாழ்ந்தார். ஆகவே விடையைக் கண்ணாற் கண்டார். அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

இவ்வரலாற்றில் யாருக்கு எவ்வளவு பெருமை என்று பங்கிடுவது திறனாய்வாளனுக்குத் தவிர்க்க முடியாதது. விருதுகள் விடை கண்டோர்க்கே சென்றன. மார்குலிஸ் 2020-இல் ஏபெல் பரிசும் பெற்றார். அதில் பிழை கூறுவதற்கில்லை. ஆயினும் கணிதர்கள் வினாவையும் அதனை எழுப்பியவர் பெயராலேயே வழங்குகின்றனர் என்பது அவர்தம் நேர்மைக்குச் சான்று. ஓப்பன்ஹைமின் ஊகம், ரகுநாதனின் ஊகம் என்றே இன்றும் பாடநூல்கள் எழுதுகின்றன. விடை கிடைத்தபின்னும் பெயர் மாறவில்லை. உரையாசிரியர் பெயர் எத்துணைப் பெரிதாயினும் மூலம் மூலமாகவே நிற்கும் தமிழ் மரபுக்கு இது புதிதன்று. ஆயினும் இலக்கியத்தில் காட்டும் இந்நேர்மையைத் தமிழ் அறிவியற் கட்டுரைகள் காட்டுவதில்லை. அங்கே வினாவுக்கு வரலாறே கிடையாது. விடை வானத்திலிருந்து விழுகிறது.

'ஊகம்' என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் ஊகம் என்றால் ஆதாரமின்றிச் சொல்வது. 'வெறும் ஊகம்' என்று தள்ளிவிடுவது வழக்கம். ஓப்பன்ஹைமும் ரகுநாதனும் சொன்னவை வெறும் ஊகங்கள் அல்ல. இதனால் சிலர் 'கருதுகோள்' என்று எழுதுகின்றனர். கருதுகோள், ஆய்வைத் தொடங்குவதற்காக இப்படி இருக்கலாம் என்று கொள்வது. சோதனை அதனை வீழ்த்தலாம். ஓப்பன்ஹைமின் கூற்றோ தொடக்கம் அன்று. அடைய வேண்டிய முடிவு. பழைய உரைகாரர், நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றை 'மேற்கோள்' என்றும், அதற்குக் காரணத்தை 'ஏது' என்றும், பின் வருவதை 'எடுத்துக்காட்டு' என்றும் வழங்கினர். பொருத்தமான சொல் அதுவே. ஆனால் அது பிறர் கூற்றை எடுத்தாள்வதற்குப் பெயராகிக் குடி பெயர்ந்துவிட்டது. திருப்பி அழைத்தால் குழப்பமே மிஞ்சும். ஆதலின் ஊகம் என்பதனையே வைத்துக்கொண்டு, அச்சொல்லின் இழிபொருளைப் பயன்பாட்டால் போக்குவதே தக்கது. சொல்லைத் திருத்துவதைவிடச் சொல் வழங்கும் இடத்தைத் திருத்துவது எளிது.

மற்றொரு சொல் இதனினும் இடர் தருவது. ஆங்கிலத்தில் 'காம்ப்ளெக்ஸ்' என்னும் ஒரே சொல் இரண்டு வேறு துறைகளின் பெயரில் வருகிறது. பல உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் சிக்கலான அமைப்புகளின் இயக்கம் ஒன்று. சதுப்புநிலம், சந்தை, சாலைப் போக்குவரத்து ஆகியவை அதில் வரும். −1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களின்மேல் நிகழும் இயக்கம் மற்றொன்று. தமிழில் அவ்வெண்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'கலப்பெண்' என்கிறது. இலங்கைப் பாடநூல் 'சிக்கலெண்' என்கிறது. இலங்கை வழக்கைக் கொண்டால் ஆங்கிலத்தின் குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்து சேரும். கலப்பெண் என்று கொண்டால் இரண்டு துறைகளும் பெயரளவிலேயே பிரிந்து நிற்கும். கலப்பெண் இயக்கவியல் வேறு, சிக்கல் அமைப்புகளின் இயக்கவியல் வேறு. இங்கே தமிழ், ஆங்கிலத்தைவிடத் தெளிவாகப் பேச வாய்ப்புப் பெற்றிருக்கிறது. இலங்கைச் சொல்லாக்கக் குழுவினர் பல சொற்களில் தமிழ்நாட்டாரினும் நுட்பம் காட்டியவர்கள். இச்சொல்லில் மட்டும் தமிழ்நாட்டார் முந்திக்கொண்டனர்.

கலப்பெண் இயக்கவியலின் வாயில் ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் திறந்தே இருக்கிறது. சுழியில் தொடங்குக. கையிலுள்ள எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, குறித்த ஓர் எண்ணைக் கூட்டுக. வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்க. கூட்டும் எண் 1 ஆயின் 0, 1, 2, 5, 26, 677 என்று ஓடிவிடும். −1 ஆயின் 0, −1, 0, −1 என்று ஊசலாடும். −2 ஆயின் 0, −2, 2, 2 என்று நின்றுவிடும். ஓடாமல் நிற்கச் செய்யும் எண்கள் எவை? கலப்பெண்களையும் சேர்த்து இவ்வினாவைக் கேட்டால் விடை ஒரு தளத்தின்மேல் வரைந்த உருவமாகிறது. மாண்டல்பிராட் 1980-இல் கணிப்பொறியால் வரைந்து காட்டிய அவ்வுருவத்தின் கரை, எத்துணை பெரிதாக்கிப் பார்த்தாலும் பிசிறாகவே இருக்கும். இத்துறையின் அடிப்படைகளைப் பிரான்சில் பியேர் ஃபாத்துவும், முதல் உலகப் போரில் முகத்தில் காயமுற்று மூக்கை இழந்த காஸ்தோன் ஜூலியாவும் 1917 முதல் 1920 வரை கணிப்பொறி இல்லாமலே நிறுவிவிட்டனர்.

இங்கேதான் ரகுநாதனின் துணிவு முழுமையாக விளங்கும். இயக்கம் என்றால் பிசிறு என்பதே பொதுவில் கண்டது. அவர் தேர்ந்த இயக்கத்தில் பிசிறே இராது என்று சொல்ல, இயக்கங்களின் இயல்பில் எவ்வளவு ஊறியிருக்க வேண்டும்! கோலத்தின் அழகில் மயங்கிப் பிசிறை மட்டும் படமாகப் போட்டு, 'ஒழுங்கின்மையின் அழகு' என்று தலைப்பிடும் தமிழ்க் கட்டுரைகள் ஒழுங்கு தோன்றும் இவ்விடத்தை எட்டிப்பார்ப்பதே இல்லை. ஆழம் இங்கே அதிகம், படம்தான் இல்லை.

ஈழத்தமிழர் ஒருவரையும் இவ்விடத்தில் மறத்தல் கூடாது. டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த சி. ஜே. எலியேசர் 1959 முதல் 1968 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராக இருந்தார்; அக்காலத்துள் 1965 வரை துணைவேந்தர் ஓப்பன்ஹைம். நேர்கோட்டில் அணுக்கருவை நோக்கி விழும் எதிர்மின்னணு, தன் கதிர்வீச்சின் எதிர்விளைவையும் கணக்கில் கொண்டால், கருவில் மோதாமல் திரும்பிவிடும் என்று சமன்பாட்டைக் கொண்டு காட்டியவர் அவர். 1943-இல் வந்த அம்முடிவும் ஒரு தடம் எங்கே செல்லும் என்னும் வினாவே.

நிற்க. சிங்கப்பூரில் இன்று நிலைமை என்ன? சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் தமிழ்மொழி நிலையம் தாங்கியுள்ள உமறுப் புலவர் பெயர், முன்பு ஒரு முழுத் தமிழ்ப் பள்ளிக்கு உரியதாயிருந்தது. அப்பள்ளியில் கணிதமும் தமிழில் கற்பிக்கப்பட்டது. 1982-இல் அது மூடப்பட்டது. இப்போது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம், கணிதம் ஆங்கிலத்தில். அக்கரையில் மலேசியாவில் ஆறாம் ஆண்டு வரை கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் பள்ளிகள் இன்றும் உள்ளன. அதற்குமேல் அங்கும் இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் கணித அறிவியலுக்கென ஒரு தனிக் கழகம் இயங்கிவருகிறது. அங்கே கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராயும் தமிழ் மாணவர், தாம் செய்வது இன்னதென்று வீட்டில் தாயாருக்குச் சொல்ல முற்பட்டால், இரண்டாம் வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. குறை மாணவருடையது அன்று. மேற்கூறிய கோலத்தையும் சரிவையும் தடத்தையும் தமிழில் ஒருவர் முன்பே சொல்லி வைத்திருந்தால் அவர் தாவியிருக்க மாட்டார்.

தமிழாசிரியர் கணிதம் கற்பிக்க வேண்டும் என்பது இங்கே கருத்தன்று. வினா வகையும் விடை வகையும் அவர் கற்பிப்பவையே. கட்டுரை வகுப்பில் விடை தெரிந்த வினாக்களையே தலைப்பாகத் தருவதை விடுத்து, வாரம் ஒருமுறை விடை தெரியாத வினா ஒன்றை மாணவரே எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். அதற்கு மதிப்பெண் எவ்வாறு இடுவது என்ற சிக்கல் எழும். எழட்டும்.

'தடம்' என்னும் சொல்லைப் பற்றி ஒன்று. கலைச்சொல் நூல்கள் இதற்குச் 'சுற்றுப்பாதை' என்று தருகின்றன. கோள்களுக்கு அது பொருந்தும். மேலே கண்ட 0, 1, 2, 5, 26 என்னும் வரிசை எதனையும் சுற்றவில்லை, ஓடிப்போகிறது. அரங்கெங்கும் பரவும் தடமும் சுற்றுவதன்று. பெயரிலேயே சுற்றைக் கட்டிவிட்டால், சுற்றாதவற்றைப் பற்றிய வினாவே மாணவன் மனத்தில் எழாது. தடம் என்பதோ சென்றது சென்ற வழியை மட்டும் சொல்லி, மூடியதா பரவியதா என்பதனைத் திறந்தே விடுகிறது.

அவ்வாறு திறந்து நிற்கும் வினா ஒன்று கலப்பெண் இயக்கவியலிலேயே உண்டு. மாண்டல்பிராட் உருவம் பல துண்டுகளாகச் சிதறியதன்று, ஒரே துண்டு என்று அத்ரியான் டுவாடியும் ஜான் ஹப்பர்டும் 1982-இல் நிறுவினர். அதன் எந்த இடத்தை எடுத்து, எவ்வளவு சிறிதாக வெட்டி நோக்கினாலும் அச்சிறு பகுதியும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்குமா என்று அடுத்துக் கேட்டனர். இருக்கும் என்பதே அவர்தம் ஊகம். உருவத்தின் பல பகுதிகளுக்கு அது நிறுவப்பட்டுவிட்டது. முழு உருவத்துக்கு இன்னும் நிறுவப்படவில்லை.